சிவனாண்டி பேர் ஒட்டிய ரத்த பாட்டில்

சங்கரன்கோவில் பூச்சந்தையில் சிவனாண்டி தராசைப் பிடித்தால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. பிச்சியோ கனகாம்பரமோ, மூட்டையை அவிழ்த்ததும் கையை உள்ளே விட்டு ஒரு துழாவு துழாவுவான். "அண்ணாச்சி, தண்ணியத் தெளிச்சுல்லா கொண்டாந்திருக்கீய! ஈரத்துக்கு நூறு கிராம் கழிச்சிருதேன்" என்பான். வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்கு வருகிற ஆளும், பூவை ஒரு தடவை உதறிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போய்விடுவார். வெள்ளிக்கிழமை தோறும் பூ வாங்க வருகிற டாக்டர் சௌந்தரபாண்டியன் இதை நின்று வேடிக்கை பார்ப்பார். ஒருநாள், "ஏன்வே, இந்த வேலைய விட்டுட்டு எங்கிட்ட வாரீரா?" என்று கேட்டார்.

டாக்டரும் அவர் மனைவி டாக்டரம்மாவும் ராஜபாளையம் ரோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார்கள். ஆபரேஷனை அவர் பார்ப்பார், பிரசவத்தை அம்மா பார்ப்பார். அது எழுபத்தொன்பதாம் வருஷம். அந்தக் காலத்தில் ஆபரேஷன் என்றாலே ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினால்தான் நம்ம ஜனங்களுக்குத் திருப்தி. ஏற்றாவிட்டால் டாக்டர் ஏதோ வஞ்சகம் பண்ணிவிட்டார் என்று முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். ஆனால் டாக்டருக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்குத்தான் காய்ச்சலும் புண்ணில் சீழும் கூடுதலாக வருகிறதோ? வேண்டாத ஆளுக்கெல்லாம் ஏற்றித் தொலைக்கிறோமோ? இதை ஆராய்ந்து மதுரையில் நடக்கிற டாக்டர்கள் கூட்டத்தில் பேச வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்கு ஒவ்வொரு ஆபரேஷனிலும் எவ்வளவு ரத்தம் போகிறது என்று சரியாகத் தெரிய வேண்டும். ரத்தத்தைத் துடைத்துப் போடுகிற துணியை நிறுத்து, காய்ந்த துணியின் எடையைக் கழித்தால் மிச்சம் போன ரத்தம். ஈரத்தைக் கழிப்பதையே பிழைப்பாக வைத்திருந்த சிவனாண்டியை விட்டால் அதற்கு வேறு யார்?

முதல் வாரமே வசமாக மாட்டினான். பூக்கடைத் தராசு எப்போதும் வாங்குகிறவன் பக்கம் கொஞ்சம் தாழ்ந்துதான் நிற்கும். அதுதான் வியாபார தர்மம். அந்தக் கையோடு இங்கே வந்தவன், நூற்றுப் பத்து கிராம் இருந்தால் நூறு என்று சொல்லிக்கொண்டிருந்தான். டாக்டர் ஒரு துணியை மறுபடி நிறுத்துப் பார்த்துவிட்டுக் குதித்தார். "இது பிச்சிப்பூவாவே, கொசுறு போடுததுக்கு? நீரு குறைச்சுச் சொன்னா ஆள் செத்துப்போவான். கூட்டிச் சொன்னா வேண்டாத ரத்தம் ஏறிரும். தராசு என்ன சொல்லுதோ அதை மட்டும் சொல்லும்." அன்றோடு கொசுறு போடுகிற பழக்கத்தை விட்டான்.

எடை அரைக்கிலோவைத் தொட்டால் ரத்தம் ஏற்றுவது, தொடாவிட்டால் ஏற்றுவதில்லை. இதுதான் டாக்டர் போட்ட கோடு. இந்தக் கோடு ஒருநாள் தன் கல்யாணத்துக்குக் குறுக்கே வந்து கிடக்கும் என்று சிவனாண்டி கனவிலும் நினைக்கவில்லை.

பனவடலிசத்திரத்தில் இருந்த அவன் அத்தை சீனியம்மாளின் மகள் முத்துத்தாய்க்கும் அவனுக்கும் ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அவளுக்குக் கழுத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கழலை. சிவனாண்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவளுக்கும் இல்லை. சீனியம்மாளுக்குத்தான் மனசு ஆறவில்லை. "தாலி கெடக்குத இடத்துல கழலை கெடக்கவா? ஆடியிலயே அறுத்து எடுத்துருவோம். ஆவணிக்குள்ள புண்ணு ஆறிரும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். டாக்டரும் பார்த்துவிட்டு, எடுத்துவிடலாம், ஆனால் கழுத்து ரத்தம் ஓடுகிற இடம், ஒரு பாட்டில் கையில் இருக்க வேண்டும், சொந்தக்காரர் யாராவது கொடுங்கள் என்றார்.

அவ்வளவுதான், சொந்தக்காரர்களுக்கெல்லாம் அன்றைக்கென்று வேலை வந்துவிட்டது. ஒரு சித்தப்பாவுக்குக் கிணற்றில் மோட்டார் ஓடுகிற ஞாபகம் வந்தது. இன்னொருத்தருக்கு ரத்தம் என்ற சொல்லைக் கேட்டதுமே தலை சுற்றியது. பெரியப்பா மகன் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன்தான், அப்புறம் ஆளையே காணோம். பக்கத்தில் ரத்த வங்கியும் கிடையாது. அதற்குப் பாளையங்கோட்டைக்குத்தான் போக வேண்டும். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. சிவனாண்டி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செல்வமணி நர்ஸிடம் போய்க் கையை நீட்டிப் படுத்துவிட்டான். அவனுடையது யாருக்கும் சேருகிற வகை ரத்தம். செல்வமணி பாட்டிலில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, அவன் பெயரை எழுதிக் குளிர்பெட்டியில் வைத்தாள்.

கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தவனைப் பார்த்ததும் சீனியம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"அடப்பாவி, ஏலே, என்ன காரியம்ல பண்ணிட்டே! ஒன் ரத்தம் அவ ஒடம்புல ஓடுனா அவ ஒனக்குத் தங்கச்சில்லா? தங்கச்சி கழுத்துலயாலே தாலி கட்டுவே?"

டாக்டர் சிரித்துக்கொண்டே சமாதானம் சொல்ல வந்தார். "ஏம்மா, இவன் ஒங்க கூடப்பிறந்த அண்ணன் மகன். ஏற்கெனவே ஒரே ரத்தம்தானே?"

"அது முறை டாக்டரே. முறை வேற, ரத்தம் வேற. முறை, பெரியவங்க வச்சது. இந்தப் பாட்டில யாரு வச்சா?"

எட்டுப் பத்துப் பேருக்கு ஆபரேஷன் செய்தால் ஒருத்தருக்குத்தான் ரத்தம் தேவைப்படுகிறது, அந்தப் பாட்டிலை எடுக்கவே வேண்டியிருக்காது என்று டாக்டர் சொன்னார். சீனியம்மாள் கோயில் கோபுரம் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். "கோமதி அம்மை மேல சத்தியமாச் சொல்லுதேன். அந்தப் பாட்டில் ஏறலைன்னா ஆவணியில கல்யாணம். ஏறிட்டா, இவன் அவளுக்கு அண்ணன். அம்புட்டுத்தான்" என்றாள். சத்தியம் என்று சொன்னால் சீனியம்மாள் தலைகீழாக நின்றாலும் மாறமாட்டாள் என்பது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் டாக்டர் சிவனாண்டியை வெளியே இருக்கச் சொன்னார். அவன் கேட்கவில்லை. வேறு யாருக்கும் அந்தத் தராசு பழகவில்லை என்பது டாக்டருக்கும் தெரியும். கடைசியில், மேஜைப் பக்கம் திரும்பவே கூடாது என்ற கண்டிப்போடு உள்ளே விட்டார். சிவனாண்டி சுவரைப் பார்த்து நின்றான். முதுகுக்குப் பின்னால் முத்துத்தாய் மயக்கத்தில் கிடந்தாள். செல்வமணி துணியைக் கொண்டுவந்து தட்டில் போடுவாள், அவன் நிறுத்துச் சொல்வான். ஆரம்பத்தில் எல்லாம் லேசாகத்தான் இருந்தது. பரவாயில்லை, கோமதித் தாயே, இப்படியே போகட்டும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே நிறுத்தான்.

கழலையை முக்கால்வாசி பிரித்திருப்பார்கள். "ச்சே!" என்று டாக்டர் குரல் கேட்டது. ஏதோ ஒரு ரத்தக்குழாய் பிடியிலிருந்து வழுக்கிவிட்டது. அதற்குப் பிறகு வந்த துணிகள் கனத்தன. ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. முந்நூறு தாண்டி, நானூறு தாண்டி, நானூற்று எழுபது வரை வந்துவிட்டது. பின்னால் சத்தம் கொஞ்சம் அடங்கியது.

"பிடிச்சாச்சு. ஏன்வே, மொத்தம் எவ்வளவு?" என்று டாக்டர் கேட்டார்.

நானூற்று எழுபது என்று சொல்லியிருக்கலாம். தட்டில் இருந்ததெல்லாம் அவ்வளவுதான். ஆனால் செல்வமணி அவசரத்தில் வீசின துணிகளில் ஒன்று மேஜைக்காலுக்கு அடியில் விழுந்து கிடந்தது. தராசுக்குக் குனிந்தபோது ஓரக்கண்ணில் அது பட்டுவிட்டது. வேறு யார் கண்ணிலும் படவில்லை. அந்த ஒரு துணியில் அவன் கல்யாணம் கிடந்தது.

என்ன நினைத்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. குனிந்து எடுத்தான், தட்டில் போட்டான், முள் நின்ற இடத்தைப் பார்த்தான். "அரைக்கிலோவும் பத்தும் சார்" என்றான்.

"பாட்டில எடுங்க சிஸ்டர்" என்றார் டாக்டர்.

செல்வமணி குளிர்பெட்டியிலிருந்து பாட்டிலை எடுத்து வந்தாள். அவன் பெயர் அவனுக்கே தெரிகிற மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டிருந்த நேரம், பிரசவ அறையிலிருந்து டாக்டரம்மாவின் சத்தம் கேட்டது. "என்னங்க! ஆமினாளுக்கு ரத்தம் நிக்கல! கொட்டுது!"

ஆமினாள் புளியங்குடிப் பெண். அன்று விடியற்காலையில்தான் வலியோடு வந்து சேர்ந்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டது, தாய்க்குத்தான் ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்ததோ ஒரே பாட்டில். டாக்டர் முத்துத்தாயின் கழுத்தைக் குனிந்து பார்த்தார். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரிடம் நாடி எப்படி என்று கேட்டார். நன்றாக இருக்கிறது, பிரஷர் இறங்கவில்லை என்று பதில் வந்தது. "இங்க இனிமே ஒழுகாது. அங்க கொண்டுபோங்க, ஓடுங்க" என்றார்.

பாட்டில் கதவைத் தாண்டிப் போவதைச் சிவனாண்டி பார்த்தான். மனசு குதித்தது. பொய் சொல்ல வேண்டாம், குதிக்கத்தான் செய்தது. அடுத்த மூச்சிலேயே பயம் பிடித்தது. இருந்த ஒரே பாட்டிலும் போய்விட்டதே! இனி இவளுக்கு ஒழுகினால் என்ன பண்ணுவது? வேறு யாரோ ஒரு தாயின் உயிர் ஊசலாடுகிற நேரத்தில் தனக்குக் கல்யாண சந்தோஷமா என்று ஒரு பக்கம் வெட்கம் பிடுங்கியது. இரண்டு பேரையும் காப்பாத்து தாயே, கல்யாணம் எக்கேடும் கெட்டுப்போகட்டும் என்று சுவரைப் பார்த்தபடியே வேண்டினான். கடைசித் தையல் போடும்வரை வந்த துணிகளெல்லாம் காய்ந்த துணி மாதிரியே இருந்தன. அங்கே ஆமினாளுக்கும் ரத்தம் கட்டுப்பட்டுவிட்டது என்று செல்வமணி வந்து சொன்னபோது, சிவனாண்டி தராசை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

உயிர்கள் இரண்டும் தப்பின. கல்யாணம்தான் தப்பவில்லை. ஏனென்றால் மறுநாள் கழுவுகிற தொட்டியில் காலி பாட்டில் கிடப்பதைச் சீனியம்மாள் பார்த்துவிட்டாள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவள். "சி-வ-னா-ண்-டி" என்று படித்துவிட்டுத் தலையில் கையை வைத்தாள்.

"அத்தை, அது அவளுக்கு ஏறல. பிரசவ கேஸுக்குப் போச்சு."

"ஏன் சொல்ல மாட்டே? கல்யாணம் ஆகணும்லா ஒனக்கு!"

டாக்டர் சொல்லிப் பார்த்தார். "படிச்சவங்க பொய் சொன்னா அதுக்குப் பேரு வைத்தியம். எனக்குத் தெரியாதா?" என்று அவரையும் மடக்கினாள். செல்வமணி சொன்னதையும் கேட்கவில்லை. இந்த ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஒரே கட்சி என்று சொல்லிவிட்டாள். செல்வமணிக்கும் அவளுக்கும் ஆபரேஷன் முடிந்த அன்று சாயங்காலமே ஒரு சண்டை. கோயில் புற்றுமண்ணைக் குழைத்து, கட்டை அவிழ்த்துப் புண்ணில் பூசவேண்டும் என்று சீனியம்மாள் கிண்ணத்தோடு வந்து நின்றாள். "பெரியம்மா, அம்மன் நெத்தியிலயும் இருப்பா. அங்கன பூசுங்க. புண்ணுல மண்ணு பட்டா சீழ் பிடிச்சிரும்" என்று செல்வமணி கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் மண் நெற்றிக்குத்தான் போயிற்று. ஆனால் அந்தக் கோபம் சீனியம்மாளுக்கு இன்னும் ஆறவில்லை.

முத்துத்தாய்க்குக் காய்ச்சல் வரவில்லை. புண் பொட்டுச் சீழ் இல்லாமல் காய்ந்தது. டாக்டர் தினமும் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து போவார். தொண்டை வலியோடு அவளும் தன் அம்மாவிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தாள். "சத்தியம் பண்ணிட்டேன் மக்கா, அம்மை மேலல்லா பண்ணிட்டேன்" என்று சீனியம்மாள் அழுதாளே தவிர இறங்கிவரவில்லை. பிடிவாதம் பிடிக்கிறவளுக்கும் வலிக்கத்தான் செய்யும் போல. சிவனாண்டி வார்டுப் பக்கம் வருவதையே விட்டுவிட்டான். ஆமினாளிடம் போய், எனக்காக ஒரு வார்த்தை சொல்லு என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. செத்துப் பிழைத்தவளிடம் போய் அதைக் கேட்பதா?

முத்துத்தாயை வீட்டுக்கு அனுப்புகிற அன்று, வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு அம்மாள் கையில் தூக்குச்சட்டியோடு வார்டு வாசலில் வந்து நின்றாள். ஆமினாளின் மாமியார் ஜெய்னப். "இங்கன சிவனாண்டிங்கிற புள்ள யாரும்மா?" என்று கேட்டாள்.

சீனியம்மாள் விருட்டென்று எழுந்தாள். "எதுக்குக் கேக்கிய?"

"எம் மருமவளுக்கு ஏத்துன பாட்டில்ல அந்தப் பேருதான் எழுதியிருந்துச்சு. சொட்டுச் சொட்டா இறங்குதத நான் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். யாரு பெத்த புள்ளையோன்னு அன்னையிலேருந்து அந்தப் பேரச் சொல்லித்தான் அல்லாகிட்ட துஆ கேக்கேன். இன்னைக்கித்தான் எழுந்திரிச்சு உக்காந்தா. கறி ஆக்கிக் கொண்டாந்தேன்."

"முழுசும் அங்கனதான் இறங்குச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"கடைசிச் சொட்டு வரைக்கும்மா. அல்லா மேல சத்தியம்."

சத்தியத்துக்குச் சத்தியம் வந்து நின்றுவிட்டது. சீனியம்மாள் ஜெய்னப்பின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள், அழுதுகொண்டே சிரித்தாள். வார்டே திரும்பிப் பார்த்தது. "ஏலே சிவனாண்டி! எங்கலே போய்த் தொலைஞ்சே? வாலே இங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் டாக்டரம்மாவே பதறிப்போய் ஓடிவந்தார். சிவனாண்டி பயந்துகொண்டே வந்து நின்றான். விஷயத்தைக் கேட்டதும், நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப்போன மாதிரி ஒரு பெருமூச்சு விட்டான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

ஆனால் சீனியம்மாள் லேசுப்பட்டவளா? கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அடுத்த சட்டத்தை எடுத்தாள். "அப்போ ஆமினா இவனுக்குத் தங்கச்சி. அந்தப் பிள்ளைக்கு இவன் தாய்மாமன். நாப்பதாம் நாள் சீர் யாரு கொண்டுபோவா?" எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. டாக்டர் மட்டும், "பாத்தீரா, ஒரு பாட்டில் ரத்தம் ஏத்துனா எப்படியெல்லாம் பக்கவிளைவு வருது!" என்றார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. கழுத்தில் மெல்லிசாக ஒரு கோடு, அதன் மேல் புது மஞ்சள் கயிறு. முத்துத்தாய் அழகாக இருந்தாள். அது முடிந்த கையோடு, நாற்பதாம் நாளுக்கு, ஒரு தொட்டில் சேலை, வெள்ளிக் காப்பு, வாழைப்பழத் தார், கருப்பட்டி எல்லாம் தாம்பாளங்களில் வைத்துச் சீனியம்மாள் முன்னே நடக்க, புது மாப்பிள்ளையும் பெண்ணும் புளியங்குடியில் போய் இறங்கினார்கள். ஜெய்னப் வாசலுக்கே வந்து, "வாங்க சம்பந்தியம்மா" என்றாள். ஆமினாள் இன்னும் வெளுத்துத்தான் இருந்தாள். பிள்ளையைக் கொண்டுவந்து சிவனாண்டியின் மடியில் போட்டாள். "அண்ணே, மாமன்காரங்க நீங்கதான் பிள்ளைய மொதல்ல பேரச் சொல்லிக் கூப்பிடணும்" என்றாள். சிவனாண்டி கூடப்பிறந்தவர்கள் யாருமில்லாத ஒற்றைப்பிள்ளை. அதுவரை அவனைக் கூடப்பிறந்தவள் மாதிரி உரிமையோடு அண்ணே என்று யாரும் கூப்பிட்டதில்லை. பிள்ளையின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தவன் விம்மிவிட்டான்.

சிவனாண்டி அதற்குப் பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் அந்தத் தராசைத்தான் பிடித்தான். டாக்டர் மதுரைக்குப் போய்த் தான் கண்டதைச் சொன்னார். சில பேர் ஒத்துக்கொண்டார்கள், சில பேர் இன்னும் ஆராயணும் என்றார்கள். அதெல்லாம் நடந்தது. ஆனால் அவனைப் பற்றிச் சொல்ல வேண்டியது, அன்றைக்குப் புளியங்குடியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் நடந்ததுதான்.

முன் சீட்டில் சீனியம்மாள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். முத்துத்தாய் அவன் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டாள்.

"அத்தான், செல்வமணியக்கா எல்லாஞ் சொன்னாவ. மேஜைக்கடியில கெடந்த துணிய யாரும் பாக்கலையாமே. அதை எடுத்து நிறுத்தா நம்ம கல்யாணம் போயிரும்னு ஒங்களுக்குத் தெரியும்லா. பொறவு எதுக்குக் குனிஞ்சு எடுத்தீய?"

"நீ தங்கச்சியாவாது உசுரோட இருக்கணும்லா" என்றான் சிவனாண்டி.

அவள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.